கொழுப்பு படிந்த ஈரலில் ஒரு கறுத்த கட்டி: முழு நிகழ்வு ஆய்வு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஈரலில் கட்டி’ என்று ஒரு வரி வந்துவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அந்தக் கட்டி ஆபத்தில்லாதது என்ற சேதி பல நாள் கழித்து, பல சோதனைகளுக்கு அப்புறம்தான் வந்து சேரும். இடைப்பட்ட நாட்களில் அந்தக் குடும்பம் படும் பாட்டை ஸ்கேன் அறையில் உட்கார்ந்திருக்கிற எங்களைப் போன்றவர்கள் நிறையவே குறைக்க முடியும். பயமுறுத்திய அதே அல்ட்ராசவுண்ட் கருவி போதும், கொஞ்சம் கூடுதல் நேரமும் சில கேள்விகளும் சேர்ந்தால். அதைக் காட்டுவதற்காகத்தான் இந்த நிகழ்வை முழுதாக எழுதுகிறேன். நோயாளியின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவரை யாரும் அடையாளம் காணாதபடி ஊர், குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வயது 46. கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் மலையோரமாக ஒரு கிராமம். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர், மகன் வளைகுடாவில். இவர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தொலி உரிக்கும் வேலைக்குப் போகிறார். காலை முதல் சாயங்காலம் வரை குனிந்து உட்கார்ந்தே செய்கிற வேலை.

இரண்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி. சாயங்காலம் கூடும், நீட்டிப் படுத்தால் குறையும். சாப்பாட்டுக்கும் வலிக்கும் தொடர்பில்லை. காய்ச்சல், மஞ்சள் காமாலை, வாந்தி எதுவும் இல்லை. எடை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது: 154 செ.மீ. உயரத்துக்கு 74 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையை விட்டு விட்டுத்தான் எடுக்கிறார். மது கிடையாது. கருத்தடை மாத்திரை ஒருபோதும் சாப்பிட்டதில்லை, இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர். அவருக்கோ நெருங்கிய உறவினருக்கோ புற்றுநோய் வந்ததில்லை.

மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கருத்தடை மாத்திரையை நீண்ட காலம் எடுத்த பெண்களுக்கு ஈரலில் அடினோமா என்ற கட்டி வரலாம். அதுவும் புற்றுநோய் இல்லாத கட்டிதான். ஆனால் 5 செ.மீ. தாண்டினால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. முன்பு வேறு எங்காவது புற்றுநோய் வந்திருந்தால் ஈரலில் தெரியும் எந்தப் புள்ளியையும் வேறு கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி இருந்தாலும் அப்படித்தான். வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியான ப்ரோப்பைக் கையில் எடுக்கும் முன்பே பாதி நோயறிதல் இந்தக் கேள்விகளில் நடந்துவிடுகிறது.

கையில் கொண்டுவந்த ரிப்போர்ட்

வேறொரு இடத்தில் எடுத்த வயிற்று ஸ்கேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ஈரலில் ஒன்றுக்கு மேற்பட்ட கறுத்த கட்டிகள், பெரியது 3.4 செ.மீ., செகண்டரிஸ் ஆக இருக்கலாம், சி.டி. எடுத்துப் பார்க்கவும். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை.

செகண்டரிஸ் என்றால் வேறு உறுப்பில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருப்பது. இதை யாரோ அந்தக் குடும்பத்துக்கு விளக்கியிருந்தார்கள். மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு, கணவர் மட்டும் முதலில் உள்ளே வந்தார்.

“அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம் சாரே. நெய்யூருக்கு எப்பம் கொண்டு போணும், அத மட்டும் சொன்னா போதும்.”

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. நெய்யூர் மிஷன் மருத்துவமனை 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சி. இன்று அங்கே புற்றுநோய்க்கென்றே ஒரு மையம் இருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்துக்கு 1922-லும் 1924-லும் போன குழுக்களில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் அங்கேதான் அறுவை மருத்துவராக இருந்தார். அவர் காலத்தில் வயிற்றுக்குள் இருப்பதை நேரில் பார்க்க ஒரே வழி வயிற்றைத் திறப்பதுதான். இன்று ஒரு துளி ஜெல்லை வைத்துக்கொண்டு அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறோம். அந்த வசதி எவ்வளவு பெரியது என்பது நமக்கு மறந்துபோய்விடக் கூடாது.

கணவரிடம் நான் சொன்னது: “அண்ணே, நான் இன்னும் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டு உங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றாகச் சொல்கிறேன்.”

மறு ஸ்கேன்

மறுநாள் காலையில் மனைவி வெறும் வயிற்றோடு வந்தார். ஆறு மணி நேரமாவது சாப்பிடாமல் இருந்தால்தான் பித்தப்பை விரிந்து நிற்கும், குடல் வாயுவும் தொந்தரவு செய்யாது. வயிற்றுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைமுக ப்ரோப்.

முதலில் கட்டியைத் தேடவில்லை. ஈரலையும் வலது சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். படத்தின் வெளிச்சத்தை மாற்றும் கெயினைக் கூட்டிக் குறைத்து ஈரலை வெளுக்கவோ கறுக்கவோ வைத்துவிடலாம். ஒரே ஆழத்தில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு உறுப்போடு ஒப்பிட்டால் அந்த ஏமாற்று நடக்காது. நல்ல ஈரல் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியைப் போலவே இருக்கும், அல்லது அதைவிடக் கொஞ்சம்தான் வெளுப்பாக இருக்கும். இவருக்கு ஈரல் பளிச்சென்று வெள்ளை, பக்கத்தில் சிறுநீரகம் கன்னங்கரேல். குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளைகளுடைய வெள்ளைக் கரைகள் மங்கிப்போயிருந்தன. ஆழத்தில் உதரவிதானத்தின் கோடு தெரிந்தது, ஆனால் கூர்மையாக இல்லை. இரண்டாம் நிலை ஃபேட்டி லிவர், அதாவது கொழுப்பு படிந்த ஈரல்.

முதல் ரிப்போர்ட்டில் விட்டுப்போன அந்த வார்த்தை இதுதான். இது இல்லாமல் மீதி எதையும் படிக்க முடியாது.

அப்புறம் அவரை இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கவைத்தேன். விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வலது மடலின் பின்-கீழ்ப் பகுதி, அதாவது ஆறாவது பகுதி, இறங்கி வந்தது. கட்டி அங்கே இருந்தது. 3.4 க்கு 2.9 செ.மீ. ஓரம் தெளிவு. சுற்றியிருக்கும் ஈரலைவிடக் கறுப்பு. சுற்றிலும் நூல் போல ஒரு வெள்ளைக் கரை. கட்டிக்குப் பின்னால் இருந்த ஈரல், பக்கத்து ஈரலைவிடக் கொஞ்சம் வெளுத்து நின்றது. ஒலி அலை அதிகம் தேயாமல் கட்டியைக் கடந்து போகிறது என்று அர்த்தம்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இது கறுப்புக் கட்டியா, அல்லது பின்னணி வெளுத்ததால் கறுத்துத் தெரியும் கட்டியா?

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய சந்தன நிறப் பட்டை விட்டுப்போயிருந்தால் அது கறுத்துத்தான் தெரியும். அதே கணக்குதான் இங்கேயும். ஹெமாஞ்சியோமா என்பது ஈரலில் வரும் புற்றுநோய் அல்லாத கட்டிகளில் மிகச் சாதாரணமானது. நுண்ணிய ரத்த அறைகள் நெருக்கமாகச் சேர்ந்தது. ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒலி பட்டுத் திரும்புவதால் நல்ல ஈரலில் அது வெள்ளையாகத் தெரியும். ஆனால் கொழுப்புத் துளிகளும் ஒலியைச் சிதறடிப்பவைதான். ஈரல் முழுக்கக் கொழுப்பு படிந்து வெளுத்துவிட்டால், அதே ஹெமாஞ்சியோமா அதன் நடுவில் கறுப்பாகிவிடும். கட்டி மாறவில்லை, சுற்றியிருப்பது மாறிவிட்டது.

இதைச் சோதிக்கச் சிறுநீரகம் மறுபடி கைகொடுத்தது. கட்டி இருந்த இடம் சிறுநீரகத்துக்கு மிகப் பக்கம், ஏறக்குறைய ஒரே ஆழம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கட்டி ஈரலைவிடக் கறுப்பாக இருந்தாலும் சிறுநீரகத்தைவிட நன்றாகவே வெளுப்பாக இருந்தது. கொழுப்பில்லாத ஈரலில் இதே கட்டி இருந்தால் வெள்ளைக் கட்டி என்றுதான் யாரும் எழுதியிருப்பார்கள்.

கரையின் நிறமும் பேசுகிறது. கட்டியைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் நான் கவலைப்படுவேன். பரவிய புற்றுநோயிலும் ஈரல் புற்றுநோயிலும் அந்த வளையம் அடிக்கடி வரும். இங்கே அதற்கு நேர் எதிராக, மெல்லிய வெள்ளைக் கரை. கறுத்துத் தெரியும் ஹெமாஞ்சியோமாவுக்கு இது பழகிய அடையாளம்.

ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் போட்டேன். வேக அளவையும் வடிகட்டியையும் நன்றாகக் குறைத்தும் கட்டிக்குள் நிறம் வரவில்லை. ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு புள்ளிகள். ரத்தம் நிறைந்த கட்டிக்குள் ஓட்டமே தெரியவில்லை என்பது கேட்பதற்கு முரணாக இருக்கும். ஆனால் ஹெமாஞ்சியோமாவுக்குள் ரத்தம் அவ்வளவு மெதுவாக ஊர்வதால் சாதாரண டாப்ளருக்கு அது எட்டாது. பக்கத்தில் ஓடும் ஈரல் சிரை வளையாமல், நசுங்காமல் தன் வழியில் போனது. போர்ட்டல் சிரையில் உறைவு இல்லை. மண்ணீரல் பெருக்கவில்லை, வயிற்றில் நீர் இல்லை, நெறிக்கட்டு இல்லை.

‘ஒன்றுக்கு மேற்பட்ட’ என்று எழுதியிருந்தார்களே, அந்த இரண்டாவது எங்கே? பித்தப்பைக்கு ஒட்டினாற்போல் ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. ஆனால் அது உருண்டையாக இல்லை, கோணல்மாணலான வடிவம். ப்ரோப்பைத் திருப்பினால் பட்டையாக நீண்டது, எதையும் தள்ளவில்லை. இது கட்டியே கிடையாது. கொழுப்பு படியாமல் தப்பிய நல்ல ஈரல். பித்தப்பையை ஒட்டிய ஈரலுக்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தத்துக்குப் பதிலாகப் பித்தப்பைச் சிரையின் ரத்தம் நேராக வந்து கலப்பது உண்டு. போர்ட்டல் ரத்தத்தில் வரும் கொழுப்பும் இன்சுலினும் அங்கே குறைவாகவே எட்டுவதால் அந்த இடம் பழைய நிறத்திலேயே நின்றுவிடுகிறது.

ஆக, ஒரு ஹெமாஞ்சியோமாவும் ஒரு நல்ல ஈரல் திட்டும் சேர்ந்து ‘ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள்’ ஆகிவிட்டன. ஒன்றுக்கு மேல் என்றதுமே செகண்டரிஸ் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த ஒரு எண்ணிக்கைதான் இந்தக் குடும்பத்தை நெய்யூர் வரை யோசிக்கவைத்தது. பித்தப்பைப் பக்கமோ, போர்ட்டல் சிரை நுழையும் இடத்திலோ, ஃபால்சிஃபார்ம் தசைநார் ஓரத்திலோ ஒரு திட்டைப் பார்த்தால் அதைக் கட்டிக் கணக்கில் சேர்க்கும் முன் இரண்டு திசையிலும் பார்த்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். கொழுப்பு தப்புவதும், சில சமயம் கொழுப்பு மட்டும் தனியாகத் திரள்வதும் இந்த இடங்களில்தான் வழக்கமாக நடக்கும்.

ரத்தப் பரிசோதனை

ஈரல் என்சைம்களான ஏ.எல்.டி. 61, ஏ.எஸ்.டி. 44, பிலிருபின் நார்மல், தட்டணுக்கள் 2.6 லட்சம். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். ஈரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் நார்மல். கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4.

வயது, இரண்டு என்சைம், தட்டணு ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் ஃபிப்-4 எண் சுமார் 1.0 வந்தது. 1.3-க்குக் கீழே இருந்தால் ஈரலில் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. இதை நான் முக்கியமாகப் பார்த்தேன். தழும்பேறிச் சிரோசிஸ் ஆகிப்போன ஈரலிலோ, வெகுநாள் ஹெபடைட்டிஸ் பி இருக்கும் ஈரலிலோ இதே கட்டி, இதே கரை, இதே டாப்ளர் தெரிந்திருந்தால், அதை ஹெமாஞ்சியோமா என்று அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே மூன்று கட்ட சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தான் அடுத்த படி.

நுண்குமிழி ஸ்கேன்

ஈரல் கட்டிகள் பற்றி ஐரோப்பிய ஈரல் மருத்துவர் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக ஒன்றைச் சொல்கிறது. ஆரோக்கியமான ஈரலில், 3 செ.மீ.க்குக் குறைவான, சீரான வெள்ளைக் கட்டி, கூர்மையான ஓரம், பின்னால் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு வளையம் இல்லை என்றால், ஹெமாஞ்சியோமா என்று முடிவு செய்ய அல்ட்ராசவுண்டே போதும். இவருடைய கட்டி வெள்ளையும் இல்லை, 3 செ.மீ.க்குக் குறைவும் இல்லை. எனக்கு நம்பிக்கை இருந்தது, ஆனால் ‘செகண்டரிஸ்’ என்று ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு நோயாளிக்கு நம்பிக்கை போதாது. உறுதி வேண்டும்.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் செய்யும் நண்பரிடம் அனுப்பினேன். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு அடங்கிய நுண்குமிழிகளைக் கை நரம்பில் செலுத்திப் பார்க்கிற முறை. குமிழி ஒவ்வொன்றும் சிவப்பணுவைவிடச் சிறியது. ரத்தக் குழாய்க்குள்ளேயே ஓடும், திசுவுக்குள் கசியாது. சில நிமிடங்களில் வாயு மூச்சோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலையில்லை, கதிர்வீச்சு இல்லை, அயோடின் இல்லை. அரிதாக ஒவ்வாமை வரும், அதற்கான ஏற்பாட்டோடுதான் செய்வார்கள். சர்க்கரை நோயாளிக்கு இது நல்ல வழி.

2.4 மில்லி செலுத்திய பதிவை அவர் அனுப்பிவைத்தார். ஏறக்குறைய இருபதாவது விநாடியில் கட்டியின் ஓரத்தில் மட்டும் மூன்று நான்கு இடங்களில் முண்டுமுண்டாக வெளிச்சம். நடு இன்னும் கறுப்பு. ஒரு நிமிடம் ஆகும்போது அந்த முண்டுகள் உள்நோக்கிப் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தன. இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு நடுவில் சிறு பள்ளம் மாதிரி ஒரு கறுப்பு மட்டும் மிச்சம். நான்காவது நிமிடத்தில் அதுவும் நிரம்பி, கட்டி முழுவதும் சுற்றியிருந்த ஈரலைவிடச் சற்று வெளுப்பாக நின்றது. கடைசிவரை மங்கவில்லை.

அந்த ‘மங்கவில்லை’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புற்றுக்கட்டியாக இருந்தால் உள்ளே போன குமிழி பெரும்பாலும் சீக்கிரம் வடிந்து, பின் கட்டத்தில் கட்டி ஈரலைவிடக் கறுத்துவிடும். ஓரத்திலிருந்து முண்டுமுண்டாக உள்ளே நிரம்பி, நிரம்பியது அப்படியே நிற்பது ஹெமாஞ்சியோமாவின் கையெழுத்து. ஃபோகல் நாடுலர் ஹைபர்பிளாசியா என்ற இன்னொரு சாதுவான கட்டி இதற்குத் தலைகீழ்: நடுவிலிருந்து ஆரக்கால்களாக வெளியே பரவும், அதுவும் சில விநாடிகளுக்குள். அடினோமாவும் வேகமாக நிரம்பும், இப்படி ஊர்ந்து நிரம்பாது. சீழ்க்கட்டிக்கு இவருக்குக் காய்ச்சலும் இல்லை, படமும் பொருந்தவில்லை.

இரண்டாவது ஊசியில் பித்தப்பைப் பக்கத்துத் திட்டைப் பார்த்தார்கள். எல்லாக் கட்டத்திலும் அது சுற்றியிருந்த ஈரலோடு சேர்ந்தே வெளுத்து, சேர்ந்தே அடங்கியது. நல்ல ஈரல்தான்.

பயாப்சி கேட்டு ஒருவர் கணவரை முன்பே குழப்பியிருந்தார். ரத்த அறைகளாலான கட்டியில், படமே விடை சொல்லும்போது, ஊசி குத்தித் திசு எடுப்பதில் ரத்தக்கசிவு ஆபத்துதான் மிச்சம். தேவையில்லை என்று எழுதியே கொடுத்தேன்.

அவரிடம் சொன்னது

இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, பதிவை மானிட்டரில் ஓட்டிக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அப்பம் இது கேன்சர் இல்லியா டாக்டரே? எனக்கு எல்லாம் தெரியுமாக்கும். இவங்க ரெண்டு பேரும் போன்ல பேசுனத நான் கேட்டேன்.” கணவரும் மகனும் மறைத்துவைத்ததாக நினைத்த நாட்கள் முழுவதும் அவர் தெரிந்துகொண்டே அண்டி ஆபீஸுக்குப் போய் வந்திருக்கிறார். நோயாளியிடம் மறைக்கச் சொல்லிக் கேட்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் இதைச் சொல்ல விரும்புகிறேன்: அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும், தனியாகத் தெரிந்திருக்கும்.

கேன்சர் இல்லை என்று சொன்னேன். பிறகு விளக்கினேன். இந்தக் கட்டி புற்றுநோயாக மாறாது. இந்த அளவில் வெடிக்கும் என்று பயப்பட வேண்டாம். ஆபரேஷனும் மருந்தும் தேவையில்லை. வலி இதிலிருந்து வரவில்லை. விலா ஓரத்துத் தசையை அழுத்தினால் அதே வலி வந்தது, நாளெல்லாம் குனிந்து உட்காருவதன் விளைவு. உட்காரும் பலகையை உயர்த்தி, நடுவில் எழுந்து நடக்கச் சொன்னேன்.

ஆனால் அங்கே நிறுத்தவில்லை. கட்டி சாது. அதைக் கறுப்பாகக் காட்டிய கொழுப்பும் சர்க்கரையும் சாது இல்லை. ‘கட்டி ஒன்றும் செய்யாது’ என்ற நிம்மதியில் அதை அப்படியே விட்டிருந்தால், இந்த ஸ்கேனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெரிய நன்மை கைநழுவியிருக்கும். சர்க்கரை மருத்துவரிடம் அனுப்பினேன். சாப்பாட்டைப் பற்றி அவரோடு நிதானமாகப் பேசினேன்: மத்தியானச் சோறும் ராத்திரி மரச்சீனியும், அதாவது மரவள்ளிக் கிழங்கும், சேர்ந்து வருகிற நாட்கள், ஆலையில் ஒவ்வொரு இடைவேளைக்கும் சீனி போட்ட சாயா. மீனை விடச் சொல்லவில்லை, மரச்சீனியை அடியோடு நிறுத்தவும் சொல்லவில்லை. அளவும், சாயாவில் சீனியும்தான் பேச்சு. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு நன்றாகவே இறங்கும்.

ஆறு மாதம் கழித்து

எடை 67 கிலோ. எச்பிஏ1சி 7.0. ஏ.எல்.டி. 34. வலி போய்விட்டது.

அதே அறை, அதே மெஷின், அதே ப்ரோப். ஈரல் முதல் நிலைக்கு இறங்கியிருந்தது. சிரைக் கரைகள் திரும்பத் தெரிந்தன, உதரவிதானக் கோடு கூர்மையாக இருந்தது. பித்தப்பைப் பக்கத்துத் திட்டு காணவில்லை, சுற்றியிருந்த ஈரல் அதன் நிறத்துக்கே வந்துவிட்டது. கட்டி அதே ஆறாவது பகுதியில், 3.3 செ.மீ. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அளவெடுப்பதில் வருவதுதான், மாற்றமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அது இப்போது கறுப்பாக இல்லை. பெரும்பகுதி ஈரலைவிட லேசாக வெளுத்து, பாடப்புத்தகத்தில் இருக்கும் ஹெமாஞ்சியோமாவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

ரிப்போர்ட்டின் முடிவுரையை இப்படி எழுதினேன்: “ஈரலின் ஆறாவது பகுதியில் 3.3 செ.மீ. ஹெமாஞ்சியோமா, நுண்குமிழி ஸ்கேனில் உறுதி செய்யப்பட்டது, அளவில் மாற்றமில்லை. முன்பு ஃபேட்டி லிவர் காரணமாகக் கறுத்துத் தெரிந்தது. பித்தப்பை அருகே முன்பு தெரிந்தது கொழுப்பு படியாத பகுதி, கட்டி அல்ல. பயாப்சி தேவையில்லை. இந்தக் கட்டிக்காக மறு ஸ்கேன் தேவையில்லை. முதல் நிலை ஃபேட்டி லிவர்.” முந்தைய படங்களையும் குமிழிப் பதிவையும் ஒரு குறுந்தட்டில் போட்டு ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுத்தேன். நாளைக்கு வேறு எந்தக் காரணத்துக்காக எந்த ஊரில் ஸ்கேன் எடுத்தாலும், அங்கே இருப்பவர் கையில் அது முதலில் போய்ச் சேர வேண்டும் என்று அவரிடமும் கணவரிடமும் சொல்லி அனுப்பினேன். அடுத்து அவர் செய்ய வேண்டியது மூன்று மாதத்தில் எச்பிஏ1சி.